படிவத்தில் எழுத முடியாத காரணம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

ஒரு பெரிய நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசையொன்றுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இயந்திரத்தில் இருந்து தைத்து இந்த இடத்துக்கு வந்தவள். முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். மணித்தியால இலக்கு குறைந்தால் பலகையில் எங்கள் வரிசைக்குச் சிவப்பு மையால் கோடு. கூட்டங்களில் "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பார். மறுநாள் என் பெயரைக்கூடச் சொல்லமாட்டார், வரிசை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்குப் பின் வந்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வரும் நாளில் மட்டும் சாப்பாடு நன்றாக இருக்கும். மே மாதம் ஏற்றுமதி அவசரம் என்று யாரும் லீவு கேட்கும் நிலை இருக்கவில்லை, நானும் கேட்கவில்லை, 18ஆம் திகதி அம்மா தனியாகத்தான் முள்ளிவாய்க்காலுக்குப் போய் அண்ணனுக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார். அதை விடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதைத்தான் தாங்க முடியவில்லை. இரவில் நித்திரை இல்லை. விலகலாம் என்றால் கடன் இருக்கிறது. இந்த மனிதரோடு எப்படிக் காலந்தள்ளுவது?

— ஒரு வாசகி, விசுவமடு

அன்புத் தங்கைக்கு,

"அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

உங்கள் முகாமையாளர் நடந்துகொள்ளும் விதம் தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த லீவை அவர் மறுக்கவில்லை; நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பழியை மட்டும் அவர் தலையில் போடாதீர்கள்.

ஏன் கேட்கவில்லை? படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்ற தயக்கம் இருந்திருக்கும். 2009 மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பின் பல வருடங்கள் அந்த நாளை வெளிப்படையாக நினைவுகூரவே அஞ்சிய மக்கள் நாங்கள். அந்தப் பயம் இலேசில் போகாது. ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த மணலில் போய் நிற்பதைவிட இயந்திரச் சத்தத்துக்குள் நிற்பது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அது குற்றமில்லை, தங்கச்சி. ஆனால் அன்று அழாத அழுகை உள்ளேதான் இருக்கிறது. அவர் ஏசும்போதெல்லாம் நோவது அந்த இடம். பதவி உயர்வு கிடைத்திருந்தாலும் இந்த நித்திரை வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வரிசையில் தைக்கும் பிள்ளைகளும் வன்னிப் பிள்ளைகள்தானே. அன்று அவர்களில் யாருக்கு ஒரு விளக்கு ஏற்ற இருந்தது என்று கேட்டீர்களா? அவர்கள் லீவுக்கு முதலில் வருவது உங்களிடம். முகாமையாளர் உங்களை எண்ணாகப் பார்க்கிறார் என்று நோகிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிற்சாலையின் முகம் நீங்கள்தான்.

வேலையை இப்போது விடவேண்டாம். இந்த ஞாயிறு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அன்று யாரோடு பஸ்ஸில் போனார், நினைவுநாள் கஞ்சி கொடுத்தார்களா, திரும்பி வந்து என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழும்பாதீர்கள். வரும் மே மாதத்துக்கான லீவை நேரகாலத்தோடு கேளுங்கள். 'குடும்ப நினைவு நாள்' என்று எழுதினால் போதும். வருகைக் கொடுப்பனவு வெட்டுப்பட்டால் படட்டும். நித்திரை அப்போதும் வராவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவோடு பேசிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். முகாமையாளரை என்ன செய்வது என்று அப்போது பார்ப்போம்.