ஆழ்கடல் சூட்டை அளப்பது எப்படி?

கேள்வி: பூமியில் கூடும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறதாமே, அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: ‘ஆர்கோ’ மிதவைகளால். உலகெங்கும் சுமார் 4,000 மிதக்கின்றன. உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பக்கப் பைக்குத் தள்ளினால் பருமன் கூடி மேலே வரும், உள்ளிழுத்தால் மூழ்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் நீரோட்டத்தோடு போய், 2,000 மீட்டருக்கு இறங்கி, ஏறும்போது வெப்பநிலை, உப்பு, அழுத்தம் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும்.

உப்பு எதற்கு என்கிறீர்களா? வெதுவெதுப்பான நீரும் உப்பு மிகுந்தால் கனத்து இறங்கும், வெப்பமும் கூடவே போகும். மத்தியதரைக் கடல் நீர் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி அட்லாண்டிக்கில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் பரவுவது அப்படித்தான்.

தொல்லை தருவதும் உப்பு உணரிதான். நாளாக ஆக அளவு பிசகும். கப்பலில் எடுத்த துல்லிய அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.