புளோக் கோட்டாவும் "இந்தியர் வேண்டாம்" விளம்பரமும்: சிங்கப்பூர் வீட்டுக் கேள்வி பதில்

வீடு விற்க, வாங்க, வாடகைக்குப் பிடிக்கப் போன இடத்தில் இனம் குறுக்கே வந்ததைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்குப் போகுமுன் ஒரு பிரிப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டை விற்பதிலும் வாங்குவதிலும் வருவது அரசாங்க விதி, அதற்குக் கணக்கு உண்டு. வாடகையில் வருவது பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனசு. மனசைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் விதியைச் சாக்காகச் சொல்கிறார்கள். பாதிக் கேள்விகளுக்குக் காரணமே அதுதான்.

கேள்வி (ஈசூன்): நாலறை வீட்டை விற்கிறோம். எங்கள் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இந்தியக் குடும்பங்கள் நாலைந்து இருந்தால் அதிகம். ஆனாலும் "கோட்டா நிரம்பிவிட்டது, சீனருக்கு விற்க முடியாது" என்கிறார் ஏஜண்ட். இவ்வளவு குறைவாக இருக்கும்போது எப்படி அக்கா நிரம்பும்?

பதில்: நிரம்பியது உங்கள் கோட்டா இல்லை, சீனர் கோட்டா. பெரும்பாலான நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கையில் இரண்டு வரம்புகள் உண்டு, ஒன்று வட்டாரத்துக்கு, இன்னொன்று புளோக்குக்கு. சீனருக்கு 84, 87 விழுக்காடு. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியரும் மற்றவரும் சேர்ந்த பிரிவுக்கு 12, 15. வரம்பை எட்டிய இனத்தவர் அந்தப் புளோக்கில் புதிதாக வாங்க முடியாது. ஒரு விலக்கு: விற்பவரும் வாங்குபவரும் ஒரே இனப் பிரிவு என்றால் விகிதம் மாறாது, அதனால் எப்போதும் அனுமதி.

100 வீடுள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 87 சீனர், 8 மலாய்க்காரர், 5 இந்தியர். பக்கத்து வீட்டுச் சீனர் தன் வீட்டைச் சீனருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம், உங்களுக்கும் விற்கலாம். நீங்கள் சீனருக்கு விற்றால் 88 ஆகிவிடும், அதனால் கூடாது. உங்களுக்கு மிஞ்சுவது மலாய்க்காரரும் இந்தியரும் மற்றவரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த கணக்கில் சீனர் 74.3 விழுக்காடு. வாடிக்கையாளரில் நாலில் மூன்று பங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பியது மாதிரி. அதே மாடி, அதே அளவு, அதே குத்தகைக் காலம் இருந்தும் உங்கள் வீடு மாதக்கணக்கில் கிடப்பதும், பேரத்தில் இறங்கிக்கொடுக்க வேண்டி வருவதும் இதனால்தான். சமையல் வாசனையோ, சாமி மாடமோ, வாஸ்துவோ காரணமில்லை.

அதே நேயர்: அப்படியென்றால் என்னதான் செய்வது?

பதில்: விளம்பரம் கொடுக்கும் முன்பே வீவக இணையவாசலில் உங்கள் புளோக் எண்ணைப் போட்டு, எந்த எந்த இனத்துக்கு விற்கலாம் என்று பாருங்கள். ஏஜண்ட் வாயால் கேட்டது போதாது. பட்டியல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். உங்கள் புளோக்கில் ஒரு சீனக் குடும்பம் மலாய்க் குடும்பத்துக்கு விற்றால்கூட ஓர் இடம் திறக்கும். 100 வீட்டுப் புளோக்கில் ஒரு வீடு என்பது ஒரு விழுக்காடு, அதனால் சின்னப் புளோக்கில் நிலைமை சட்டென்று மாறும். வட்டார வரம்பே நிரம்பியிருந்தால் இந்தக் கதை செல்லாது. புளோக்கில் இடமிருந்தும் கதவு மூடியே இருக்கும்.

விளம்பரத்திலேயே "மலாய், இந்தியர், மற்றவர் மட்டும் வாங்கலாம்" என்று எழுதிவிடுங்கள். பார்க்க வருபவர்கள் குறைவார்கள்தான், ஆனால் வருகிறவர்கள் வாங்கக்கூடியவர்களாக இருப்பார்கள். சனிக்கிழமை முழுக்கச் சீனக் குடும்பங்களுக்கு வீட்டைக் காட்டிவிட்டு மாலையில் உண்மை தெரிந்து நொந்துபோகிறவர்கள் உண்டு.

வேறு வீடு வாங்கிவிட்டு இதை விற்க வேண்டிய கெடுவில் இருந்தால் கால நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். எவ்வளவு முயன்றும் விற்கவே முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள், எல்லாருக்கும் கிடைக்காது. எத்தனை மாதம் விளம்பரம் ஓடியது, யார் யார் பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள் என்ற பதிவு கையில் இல்லாமல் கேட்டால் பலன் இருக்காது.

கேள்வி (செங்காங்): நாங்கள் வாங்குகிறவர்கள். மார்ச்சில் பார்த்தபோது இந்தியர் வாங்கலாம் என்று இருந்தது. ஏப்ரலில் விண்ணப்பம் போட்டால் முடியாது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, விதி அப்படி. வீவக பார்ப்பது மறுவிற்பனை விண்ணப்பம் சேரும் மாதத்தின் நிலவரத்தை. விற்பவர் கொடுக்கும் ஓடிபிக்கு (கைப்பேசிக்கு வரும் எண் இல்லை, வாங்கும் உரிமைச் சீட்டு) ஆயுள் 21 நாள், கடைசி நாள் மாலை 4 மணியோடு முடியும். மார்ச் 20இல் சீட்டு வாங்கி ஏப்ரல் 8இல் விண்ணப்பம் போட்டால் நடுவில் ஏப்ரல் 1 வந்துவிடுகிறது. அந்த மாதப் பட்டியலில் ஒரே ஒரு வீடு கூடியிருந்தாலும் போச்சு.

வரம்பின் விளிம்பில் இருக்கிற புளோக் என்றால் மாதத் தொடக்கத்தில் சீட்டு வாங்கி அதே மாதத்துக்குள் விண்ணப்பத்தை முடியுங்கள். வங்கிக் கடன் ஒப்புதலும் வீவகவின் தகுதிக் கடிதமும் முன்னரே கையில் இருந்தால்தான் இது நடக்கும். விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும், ஒருவர் போட்ட 7 நாளுக்குள் மற்றவர் போட்டாக வேண்டும். அவர் சோம்பினால் உங்கள் மாதம் தாண்டும். சீட்டு வாங்கும்போதும் பிறகு வாங்குவதை உறுதிசெய்யும்போதும் சேர்த்துக் கொடுக்கும் முன்பணம் 5,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கேள்வி (தோ பாயோ): நான் தமிழன், மனைவி சீனர். எந்தக் கணக்கில் வருவோம்?

பதில்: இருவரில் யார் இனத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும்போது எதைச் சொன்னீர்களோ, விற்கும்போதும் அதே கணக்குதான், நடுவில் மாற்ற முடியாது. அதனால் வாங்க எது வசதி என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்தியர் இடம் நிரம்பிய புளோக்கில் "சீனர்" என்று நுழையலாம். சீனர் எண்ணிக்கை நெருக்கத்தில் இருக்கும் புளோக்கில் "இந்தியர்" என்று நுழைந்தால் பத்து வருஷம் கழித்து ஈசூன் நேயருக்கு வந்த தலைவலி உங்களுக்கும் வரும். இன்னொரு செய்தி: 2011 ஜனவரியிலிருந்து பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதியலாம். "இந்தியர்-சீனர்" என்று பதிந்தால் வீட்டுக் கணக்குக்கு முதலில் வருவதுதான் செல்லும். பெயர் வைக்கும் மும்முரத்தில் இந்த வரிசையை யாரும் யோசிப்பதில்லை.

கேள்வி (உட்லண்ட்ஸ்): என் ஐசியில் (அடையாள அட்டையில்) மலையாளி என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இலங்கைத் தமிழர். தனித்தனிக் கோட்டாவா?

பதில்: இல்லை. தமிழர், மலையாளி, சீக்கியர், இலங்கைத் தமிழர், யுரேஷியர், பிலிப்பினோ எல்லாருக்கும் ஒரே பெட்டி, "இந்தியர்/மற்றவர்".

கேள்வி (பிடோக்): இப்படியொரு விதி எதற்கு வந்தது? நம் நன்மைக்கா, அவர்கள் நன்மைக்கா?

பதில்: 1964 ஜூலை 21இல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். இனத்துக்கொரு கம்பம் (கிராமம்) என்று பிரிந்து வாழ்ந்த ஊர் அது. 1960இல் உருவான வீவக எல்லாரையும் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து கலந்து குடியேற்றியது. ஆனால் மறுவிற்பனை பெருகியதும் மக்கள் மறுபடி அவரவர் கூட்டம் தேடிப் போக ஆரம்பித்தார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர், ஹவ்காங் பக்கம் சீனர். இதைச் சுட்டிக்காட்டி விதியைக் கொண்டுவந்தவர் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், நம்மவர்தான். 1989 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது.

யாருக்கு நன்மை? ஒரே இனத்தவர் மட்டும் வாழும் பேட்டை உருவாகாமல் தடுத்தது உண்மை. மின்தூக்கியில் தினமும் நாலு மொழி கேட்கிறது. ஆனால் செலவு எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. அதே 2020 கணக்கெடுப்பில் இந்தியர் 9.0, மற்றவர் 3.2, கூட்டினால் 12.2 விழுக்காடு. வட்டார வரம்போ 12, அதுவும் 2010இல் கூட்டிய பிறகு. மக்கள் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றல்ல என்றாலும், சீனருக்கு 74க்கு 84 என்று கிடைத்த தாராளம் நமக்கு இல்லை. சிறுபான்மையினர் விற்கும்போது ஏற்படும் நட்டத்தை அந்தக் குடும்பமே சுமக்கிறது. கலந்து வாழ்வது எல்லாருக்கும் பொதுவான நன்மை என்றால் அந்த நட்டத்தையும் பொதுவில் ஈடுகட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி (பொங்கோல்): இந்திய நாட்டவன், வேலை அனுமதியில் இருக்கிறேன். வாடகைக்கு முழு வீடு கேட்டால் "இந்தியர் கோட்டா முடிந்தது" என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் மேடம்.

பதில்: மூன்று பேரும் கதை விட்டிருக்கிறார்கள். வாடகைக்கு இனக் கோட்டா கிடையாது. இருப்பது குடிமக்கள் அல்லாதவர் கோட்டா, வட்டாரத்துக்கு 8, புளோக்குக்கு 11 விழுக்காடு. வீவகவில் முழு வீட்டை வாடகைக்கு விடும்போது மட்டும் பார்ப்பார்கள், அறை வாடகைக்கு இல்லை. மலேசியர்களுக்கு விலக்கு. அது பார்ப்பது குடியுரிமையை, இனத்தை இல்லை.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: "சீன நாட்டவர் வந்தால் கொடுப்பீர்களா?" கொடுப்போம் என்றால் கோட்டா நிரம்பவில்லை, உங்களைத்தான் வேண்டாம் என்கிறார். உண்மையிலேயே நிரம்பியிருந்தால் சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மட்டும்தான் முழு வீட்டைக் கொடுக்க முடியும். அப்போது அதே புளோக்கில் அறை கேளுங்கள், அல்லது கொண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு) போங்கள். அங்கே இந்தக் கோட்டா இல்லை.

கேள்வி (கிளமெண்டி): "நோ இந்தியன்ஸ்" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: வீட்டுக்காரர் மீது முடியாது. அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு சட்டத்தையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரை இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வேலைக்கு மட்டும். அடுத்த மாதம் வந்த இன நல்லிணக்கச் சட்டமும் பகைமை தூண்டுவதைத்தான் பார்க்கும், "உனக்கு வீடு இல்லை" என்பதை இல்லை. வேலைக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒன்றுமில்லை. பெரிய ஓட்டை.

ஏஜண்ட் மீது புகார் கொடுக்கலாம். இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரம் போடக்கூடாது என்பது அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் சிஇஏ மன்றத்தின் நெறிமுறை. விளம்பரத்தைத் தேதி தெரியத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். "ஆர்" என்று தொடங்கும் ஏஜண்ட் பதிவு எண்ணும் இணைய முகவரியும் அதில் தெரிய வேண்டும். எண் இல்லாத படத்தை வைத்து ஆளைப் பிடிப்பது கஷ்டம். வாட்ஸப்பில் வந்ததென்றால் உரையாடலை முழுசாக எடுங்கள், ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். ஏஜண்ட் நேராகத் தொலைபேசியில் சொல்லியிருந்தால், "நீங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா, வீட்டுக்காரர் இந்தியர் வேண்டாம் என்கிறாரா?" என்று உடனே ஒரு செய்தி அனுப்புங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அதுவே ஆவணம். விளம்பரம் போகும், ஏஜண்டுக்கு எச்சரிக்கை வரலாம். அந்த வீடு உங்களுக்குக் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி (ஜூரோங்): வீட்டுக்காரர் சமையலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: கவலை உண்மையா, சாக்கா என்று பார்க்க அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுப்படிப் புகைபோக்கி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுகிறேன், குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிக்கிறேன், காலி செய்யும்போது தொழில்முறைத் துப்புரவு என் செலவு. உண்மைக் கவலைக்காரர் இதற்கு இறங்கி வருவார். இறங்காதவரிடம் மன்றாட வேண்டாம். "லேசான சமையல் மட்டும்" என்ற வாசகத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். லேசு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் வைப்புத்தொகையில் பிடிக்க அதுதான் கருவி.

குடியேறும் நாளில் அடுப்புக்குப் பின்சுவர், மேற்கூரை, அலமாரி உள்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். "கறி வாடை, சாயம் பூச வேண்டும்" என்று பணத்தைப் பிடித்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வைக்க அங்கே இடமில்லை, உங்கள் படம்தான் பேசும்.

கேள்வி (தேக்கா): சீனரைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் தமிழ் வீட்டுக்காரர் என்னிடம் "பெர்மிட் பையன்களுக்குத் தரமாட்டேன்" என்றார்.

பதில்: சரியாகக் கேட்டீர்கள். "சைவம் மட்டும்", "வடநாட்டார் வேண்டாம்", "பங்களாதேஷி வேண்டாம்" என்று எழுதாமல் வாயால் சொல்லும் தமிழ் வீட்டுக்காரர்கள் ஏராளம். விளம்பரத்தில் வராததால் யார் மீதும் புகார் போகாது. வெளிநாட்டு ஊழியரை ஒதுக்குவது புதிதும் இல்லை. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பாளர்கள் தங்கள் பக்கத்தில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். விடுதி வந்தது, ஊழியர்கள் அந்தப் பேட்டைக்குள் நடக்காமல் போய்வரத் தனிச் சாலையும் வந்தது.

உங்கள் விஷயத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். கட்டுமானத் துறை வேலை அனுமதியில் இருக்கும் மலேசியர் அல்லாதவர்கள் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க விதியே இடம் தராது. அப்படியென்றால் அவர் மறுத்தது விதிப்படி, மீறிக் கொடுத்தால் அவர் வீட்டுக்கே ஆபத்து. உங்களிடம் இருப்பது எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதி) என்றால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. பாஸைக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போது என்ன காரணம் சொல்கிறார் என்று எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்து தொடங்குவோம்.