மூளைக்கட்டி ரிப்போர்ட்டில் ‘கிரேட் 2’ என்று இருந்தால் என்ன அர்த்தம்?

பயொப்சி ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். ஆனால் அதனுடன் வரும் பெயரையும் பாருங்கள். கட்டி எங்கிருந்து கிளம்பியது என்பதை அதுதான் சொல்லும். மூளையைச் சுற்றியுள்ள உறையில் வந்தால் மெனிஞ்சியோமா, நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் கலங்களை ஒத்திருந்தால் கிளையோமா. 1 முதல் 4 வரையான கிரேட், அது எவ்வளவு வேகமாக வளரக்கூடியது என்பதற்கான கணிப்பு.

படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வரம்போரம் ஒரே பற்றையாக நிற்கும் புல்லைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. கோரை அப்படியல்ல, மேலே அறுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் ஓடியிருக்கும். கிரேட் 1 பெரும்பாலும் அந்தப் பற்றை மாதிரி. கிளையோமாவிலோ, கிரேட் 2 என்றாலே பெரும்பாலும் கலங்கள் நல்ல மூளைக்குள் ஊடுருவியிருக்கும். அதனால்தான் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வளவு பிரிகின்றன, புதிய இரத்தக்குழாய்கள், இறந்துபோன பகுதிகள் உண்டா என்று பார்த்துத்தான் கிரேட் போடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் மரபணு மாற்றங்களும் சேர்ந்துவிட்டன. பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் கட்டிகூட மரபணுச் சோதனையில் கிரேட் 4 ஆகலாம். ரிப்போர்ட் தாமதமானால் பதறாதீர்கள், அந்தச் சோதனைக்கு நாள் எடுக்கும்.

அப்புறம், கிரேட் 4 என்பதை ‘ஸ்டேஜ் 4’, அதாவது உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மூளையிலேயே தோன்றும் கட்டிகள் மூளை, முள்ளந்தண்டைத் தாண்டிப் பரவுவது மிக அரிது.