கேளுங்க அக்கா: 18 முடிஞ்சு ஹோமை விட்டு கிளம்புற பசங்க

கேள்வி: அக்கா, நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். பக்கத்து குழந்தைகள் ஹோம்ல சனிக்கிழமை பெரிய பசங்களுக்கு க்ளாஸ் எடுக்கிறோம். சில பேருக்கு 18 முடியப்போகுது, வெளிய ரூம் எடுத்து வேலைக்கு போகணும். முதலுதவிக்கு சார்ட் எல்லாம் போட்டு சொன்னோம், கொட்டாவி விடுறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: சார்ட்டை முதல்ல கழட்டி வைங்கம்மா. பசங்கள கிச்சனுக்கு கூட்டிட்டு போங்க. இத்தனை வருஷம் சமையல்காரம்மா வடிச்ச சோறு தட்டுல வந்துச்சு, இனிமே ஒண்டு குடித்தனத்துல சின்ன சிலிண்டர் வச்சு அவனே கஞ்சி வடிக்கணும், அங்கதான் கை சுடும். சுட்டதும் பேஸ்ட் தடவு, இங்க் ஊத்துன்னு ரூம்மேட் ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். அதனால இப்பவே குழாயை திறந்து கைய 20 நிமிஷம் காட்ட சொல்லுங்க, நிஜமாவே மணி பாத்து. அஞ்சாவது நிமிஷமே போதும்க்கான்னு எடுப்பான், விடாதீங்க. தண்ணி லாரிக்கு காசு குடுக்கிற ஊர்ல இப்படி திறந்து விடுறீங்களேன்னு வார்டன் முறைச்சா கீழ பக்கெட் வச்சு செடிக்கு ஊத்திக்கங்க. ஐஸ் வேண்டாம், மோதிரம் கயிறு இருந்தா வீங்குறதுக்குள்ள கழட்டணும், கொப்புளத்த உடைக்கக்கூடாது. அப்படியே கேஸ் நாத்தம் வந்தா சுவிட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டர மூடி ஜன்னல திறந்துட்டு வெளிய போய் கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு அடிக்கணும்னும் சொல்லிடுங்க.

அடுத்து போன். ஒருத்தன் 108 ஆபரேட்டரா உக்காரட்டும், இன்னொருத்தன் பதட்டமா கூப்பிடட்டும். எத்தனாவது க்ராஸ், எத்தனாவது மெயின், பக்கத்துல என்ன கோயில்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. நம்ம பசங்க வீதியில கன்னடம் நல்லாவே பேசுவாங்க, ஆனா பதட்டத்துல அட்ரஸ் சொல்றது வேற வேலை. புது ரூம் அட்ரஸை போன்ல எழுதி வச்சுக்க சொல்லுங்க.

வலிப்பு வந்தவங்க கையில சாவி குடுக்கிறது, வாயில ஸ்பூன் வைக்கிறது ரெண்டும் கூடாது, பக்கத்துல இருக்கிற பொருளை நகர்த்தி ஒருக்களிச்சு படுக்க வைக்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்துறது மட்டும் நீங்களே வாயால சொல்லிக்குடுக்காதீங்க. நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5 சென்டிமீட்டருக்கு மேல அமுங்கணும், பொம்மை மேல செஞ்சு பாத்தாதான் அந்த பலம் புரியும். ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆளுங்கள கேட்டுப் பாருங்க. அப்புறம் ரோட்ல அடிபட்டவன தூக்கினா போலீஸ் கேஸ்ல மாட்டிப்போம்னு பசங்களுக்கு ஒரு பயம் இருக்கும். 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துல உதவி பண்றவங்களுக்கு பாதுகாப்பு இருக்கு, பேர் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல.

கேள்வி: 18 ஆனதும் அரசாங்கம் கை கழுவிடுமா அக்கா? – ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: இல்லப்பா. 2015 சிறார் நீதிச் சட்டத்துல 46வது பிரிவே இதுக்குத்தான். ஆஃப்டர்கேர்னு 21 வயசு வரைக்கும், ரொம்ப தேவைன்னா 23 வரைக்கும் உதவலாம். மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா குழந்தைகள் நலத் திட்டத்துல மாசம் 4000 ரூபாய்க்கு வழி இருக்கு. ஆனா தானா தேடி வராது, ஹோம்ல இருக்கும்போதே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதணும். ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஆபீஸ் பீரோவுல கிடக்கும், கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கி பையன் கையிலயே குடுத்துடுங்க.