ஐ.டி.ஐ. வெல்டர் முடித்த உள்ளூர்க்காரருக்கு ரிஃபைனரி கட்டுமானத்தில் ஏன் ஹெல்பர் வேலை மட்டும் கிடைக்கிறது?

சான்றிதழை வைத்து யாரும் வெல்டர் எடுப்பதில்லை, கூப்பனை (சோதனைக்காகப் பற்றவைத்துக் காட்டும் துண்டு) வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஓராண்டு டிரேடில் கை பழகுவது பெரும்பாலும் தட்டையான இரும்புத் தகட்டில். ரிஃபைனரியில் நல்ல சம்பளம் பைப்பில்.

சோதனை 6ஜி. பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பூட்டிவிடுவார்கள். அதைத் திருப்ப முடியாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். பரவலாகத் தருவது 2 இஞ்ச், சுமார் 11 மி.மீ. கனமுள்ள துண்டு. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெல்டிங் விதி செக்‌ஷன் 9-ன்படி அதில் தேறினால் 25 மி.மீ. வெளிவிட்டத்திலிருந்து மேலே எந்தப் பைப்பும் பற்றவைக்கலாம். கனத்துக்கு மட்டும் தனிக் கணக்கு: டிக்கில் (வாயுப் பாதுகாப்பில் டங்ஸ்டன் ஆர்க் வெல்டிங்) போட்ட கனத்துக்கு இரண்டு மடங்கு, ராடில் (பூச்சுள்ள எலக்ட்ரோடு) போட்டதற்கு இரண்டு மடங்கு. ரூட்டை (ஜாயிண்டின் அடியில் போடும் முதல் அடுக்கு) மட்டும் 3 மி.மீ. டிக்கில் போட்டவர், 6 மி.மீ.க்கு மேல் கனமுள்ள முழு டிக் ஜாயிண்டைத் தொட முடியாது. பலர் இதைச் சைட்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

தோற்பது பெரும்பாலும் ரூட்டில், அதுவும் அடிப்பக்கம், கடிகார முள்படி 6 மணி இடத்தில். உருகிய உலோகம் கீழே தொங்கும், உள்ளே குழி விழும். இரு பைப் முனைகளுக்கு நடுவே இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ. இருந்தால்தான் 2.4 மி.மீ. ஃபில்லர் கம்பியை உள்பக்கம் வரை தள்ளி ஊட்ட முடியும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் எதிர்ப்பக்க இடைவெளி சுருங்கிவிடும். எதிரெதிர் கால்வட்டமாகப் போட வேண்டும். பைப்பைப் பிடித்து வைக்க முதலில் போடும் சிறு வெல்டான டேக்கின் இரு முனைகளையும் கிரைண்டரில் சரிவாகச் சீவாவிட்டால் அங்கே உருகிச் சேராது, எக்ஸ்ரேயில் கோடாகத் தெரியும். கடைசி மேலடுக்கான கேப்பிங்கில் மேல் ஓரம் அண்டர்கட் (ஓரம் அரிந்த பள்ளம்), கீழ் ஓரம் வழிசல்: இரண்டும் சாய்வால் வருவது, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து மேல் ஓரத்தில் சற்று நின்று நகர்ந்தால் அடங்கும். 7018 வகை ராடை 300–350 டிகிரி செல்சியஸில் வாட்டி, சூடான பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். ஈர ராடு போரோசிட்டி (வாயுத் துளைகள்) தரும், விரிசலும் தரும்.

நல்ல கை உள்ளவருக்கு இது மூன்று, நான்கு மாதப் பழக்கம் என்பது என் கணிப்பு. திருச்சி பெல் வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி தருகிறார்கள். நேரமும் இருக்கிறது. நாகப்பட்டினம் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் ரிஃபைனரிக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எந்தத் திட்டமானாலும் முதலில் மண் வேலை, பைலிங் (அடித்தளத் தூண் இறக்குவது), கான்கிரீட். பைப்பிங் உச்சம் அதற்கெல்லாம் பிறகுதான். அந்த இடைவெளியில் தினக்கூலிக்கு ஹெல்பராகப் போனவர், வெல்டர் தேடும் நேரத்திலும் ஹெல்பராகவே இருக்கிறார்.

ஃபிட்டர் டிரேடு முடித்தவர் ஐசோமெட்ரிக் வரைபடம் (பைப் பாதையை முப்பரிமாணமாகக் காட்டுவது) பார்த்து வெட்டு நீளம் சொல்லத் தெரிந்தால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும். இரண்டு 6 இஞ்ச் எல்போவின் (பைப் வளைவு) மையங்களுக்கு இடையே 2000 மி.மீ. என்றால், லாங் ரேடியஸ் எல்போ ஒன்றுக்கு 229 வீதம் 458 போகும், இரண்டு ரூட் இடைவெளிக்கு 6 போகும், வெட்ட வேண்டியது 1536. அந்த 6-ஐ மறப்பவர்கள்தான் அதிகம்.

‘உள்ளூருக்கு இத்தனை சதவீதம்’ என்று பேசி வாங்கும்போது எந்தெந்த வேலையில் என்றும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் காவல், துப்புரவு, ஹெல்பர் ஆகியவற்றிலேயே கணக்கு நிரம்பிவிடும். ஆலை ஓடத் தொடங்கியபின் ஆள்தேவை மிகக் குறைவு. அப்போது கைகொடுப்பது இரண்டாண்டு அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளான்ட்) டிரேடும் அப்ரண்டிஸும். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

வெல்டராகத் தேறியவருக்கு ஒன்று: டிக், ராடு போன்ற ஏதாவது ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்றவைக்காவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. அடுத்த கம்பெனி எப்படியும் மறுபடி கூப்பன் கேட்கும்.