வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ரத்தம் நின்றாலும் மருந்து நிற்கக் கூடாது

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் குடல் அழற்சி நோய் பற்றியவையே அதிகம். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறோம்.

வயது 27. நான்கு மாதமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை வெளிக்குப் போகிறேன். மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. மின்சார ரயிலில் ஏறவே பயமாக இருக்கிறது.
*வாசகர், பெரம்பூர்*

மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் மலம் கழித்து முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பில் சொட்டும். மலத்தோடு கலந்திருக்காது. மலச்சிக்கல் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வரும். உங்களுக்கோ ரத்தமும் சளியும் கலந்து வருகின்றன, அதுவும் இத்தனை முறை. இது மூலம் மாதிரி தெரியவில்லை. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா? போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றி, மறுபடி உட்கார்ந்தால் வெறும் ரத்தமும் சளியும்தான் வருகிறதா? எடை இறங்கியிருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்றால், அல்சரேட்டிவ் கொலைட்டிஸா என்று பார்த்தே ஆக வேண்டும். பெருங்குடலின் உட்படலம் புண்ணாகும் நோய் இது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும்.

முதலில் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். ஆறு முறைக்குக் குறையாமல் ரத்தத்தோடு போகிறவருக்கு, நாடி 90-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினாலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும். அங்கே நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் பலனைக் கணக்கிட்டு, போதாவிட்டால் அடுத்த மருந்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ போவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு ஊசியும் போடுவார்கள். ஏற்கெனவே ரத்தம் போகிறவருக்கு இது எதற்கு என்று வீட்டில் பதறுவார்கள். ஆனால் இந்த நோய் தீவிரமாக இருக்கும்போது கால் நரம்புகளில் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம். அந்த ஊசியை மறுக்காதீர்கள். இன்னொன்று: வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே போடாதீர்கள். கடுமையான அழற்சியில் அது பெருங்குடலை உப்ப வைத்து ஓட்டை விழும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

அந்த அளவுக்கு இல்லை என்றால், முதலில் மலப் பரிசோதனை செய்து அமீபா, பாக்டீரியா தொற்று இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். கூடவே ரத்தத்தில் அணுக்கள், சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் அளவு), ஆல்புமின் என்ற புரதம். மலத்தில் கால்புரோடெக்டின் (அழற்சியைக் காட்டும் புரதம்) 50-க்குள் இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 250-ஐத் தாண்டினால் அழற்சி வலுவாக இருக்கிறது. நான்கு மாதமாக ரத்தம் போகிற உங்களுக்கு எண் எதுவாக இருந்தாலும் கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டும், திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியோடு. முதல் நாள் கீரை, தக்காளி விதை, கொய்யா வேண்டாம். பேதி மருந்தில் பாதியை மாலையிலும் மீதியை மறுநாள் அதிகாலையிலும் குடித்தால்தான் குடல் சுத்தமாகும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இதற்கென்று தனித் துறை உண்டு.

நோய் உறுதியாகி, லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் மெசலமைன்தான் முதல் மருந்து, தினம் 2.4 முதல் 4.8 கிராம் வரை. மாத்திரையோடு ஆசனவாய் வழியாக சப்போசிட்டரியோ (உள்ளே வைக்கும் மருந்து) எனிமாவோ (உள்ளே செலுத்தும் திரவ மருந்து) சேர்த்தால் பலன் கூடும்; நோய் தொடங்குவதே அங்கேதானே. கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். எனிமா என்றால், படுக்கப் போகும் முன் மலம் கழித்துவிட்டு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, இடப்பக்கம் சாய்ந்து வலது முழங்காலை மடக்கிப் படுத்து, மெதுவாக அழுத்திச் செலுத்துங்கள். அரை மணி நேரம் அப்படியே இருங்கள். துணியில் கறை படியும், பழைய துண்டு போட்டுக்கொள்ளுங்கள். முதல் சில நாள் மருந்து தங்காமல் வெளியே வரும். புண் ஆற ஆறத் தங்கும். இரண்டு வாரத்தில் ரத்தம் குறையவே இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் கணவருக்கு ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ரத்தம் வந்தால் பழைய சீட்டைக் காட்டி பிரெட்னிசலோன் வாங்கிப் பத்து நாள் போடுகிறார். நின்றதும் எல்லா மருந்தையும் விட்டுவிடுகிறார்.
*வாசகி, வேளச்சேரி*

இந்தப் பழக்கம் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எரிகிற தீயை அணைக்கும். மறுபடி பற்றாமல் காக்காது. முறையான சிகிச்சையில் நாளொன்றுக்கு 40 மி.கி. அளவில் தொடங்கி, குணம் தெரிந்த பிறகு வாரம் 5 மி.கி. வீதம் குறைத்து, எட்டு வாரம்போல ஆகும் நிறுத்துவதற்கு. பத்து நாளில் விட்டால் புண் பாதியில் நிற்கும். பல வாரம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் எல்லாம் வரும். திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை.

ரத்தம் நின்ற பிறகு தொடர வேண்டியது மெசலமைன், தினம் 2 கிராமுக்குக் குறையாமல். வருடம் ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டும் வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டாலோ, நிறுத்திய மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பினாலோ அடுத்த படிக்குப் போக வேண்டும். அந்தப் படியில் ஒன்று, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசதயோபிரின் மாத்திரை; பலன் தர மூன்று மாதம் ஆகும். நம் நாட்டில் கணிசமானவர்களுக்கு நட்15 என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு வெள்ளணுக்கள் திடீரென்று சரியும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆகவே முதல் மாதம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும். யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினாலை இதனோடு சேர்க்கவே கூடாது. இன்னொன்று இன்ஃபிளிக்சிமாப் ஊசி: 0, 2, 6 ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. அதற்கு முன் காசநோய், மஞ்சள் காமாலை பி பரிசோதனைகளைத் தவிர்க்க முடியாது.

நோய் தொடங்கி எட்டு வருடம் ஆகும்போது, தொந்தரவு இல்லாவிட்டாலும் புற்றுநோய் மாற்றம் பார்க்க ஒரு கொலனோஸ்கோப்பி தேவை. உங்கள் கணவருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது.

என் மகளுக்கு 19 வயது. வலது அடிவயிற்றில் வலி, மாலையில் காய்ச்சல், எடை குறைவு. சிறுகுடல் முடிவில் புண். ஒரு மருத்துவர் டி.பி. என்கிறார், இன்னொருவர் குரோன்ஸ் என்கிறார். யாரை நம்புவது?
*வாசகர், தாம்பரம்*

இரண்டு பேர் மீதும் தப்பில்லை. குரோன்ஸ் என்பது சிறுகுடலிலும் வரக்கூடிய இன்னொரு குடல் அழற்சி நோய். இரண்டு நோயும் அதே இடத்தைத்தான் பிடிக்கும், பயாப்ஸியிலும் பல நேரம் ஒரே மாதிரி தெரியும். குடல் திசுவில் காசநோய்க் கிருமி அகப்படுவது அபூர்வம். அதனால் கிருமி தெரியவில்லை என்ற அறிக்கை டி.பி. இல்லை என்று ஆகாது. டி.பி. இருக்கும்போது குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடல் முழுக்கப் பரவும். அந்தப் பயத்தால்தான் சந்தேகமான நிலையில் டி.பி. மருந்தை முதலில் தொடங்குகிறார்கள்.

இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், வலி குறைந்தது, காய்ச்சல் நின்றது என்று சொல்லி ஆறு மாதத்தையும் ஓட்டிவிடுவது. குரோன்ஸ் உள்ளவர்களுக்கும் இந்த மருந்தில் கொஞ்சம் சுகம் தெரியும். ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஆறியிருந்தால் டி.பி.; முழுக் காலமும் மருந்தை முடியுங்கள். ஆறவில்லை என்றால் குரோன்ஸாக இருக்கலாம், அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யா என்று பார்க்க வேண்டும். காலம் கடத்தினால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும்.

ஆசனவாய் அருகே சீழ்க்கட்டியோ பௌத்திரமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குரோன்ஸில் அது அடிக்கடி வரும். சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று ஒட்டியிருக்கும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். குடலில் உள்ள நோயைப் பார்க்காமல் பௌத்திரத்தை மட்டும் அறுத்தால் ஆறாது, மலத்தை அடக்கும் தசையும் கெட்டுப்போகும்.

என்ன சாப்பிடலாம்? காரம் கூடாதா?
*வாசகி, மயிலாப்பூர்*

காரத்தால் இந்த நோய் வருவதில்லை. நோய் தீவிரமாக இருக்கும்போது இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், தயிர், முட்டை, மீன் நல்லது. பச்சைக் காய்கறி, தோலோடு பழம், முழுப் பயறு அப்போதைக்கு வேண்டாம். குடல் சுருக்கம் இருப்பவர்கள் வாழைத்தண்டையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் தவிர்க்க வேண்டும்; நார் சிக்கி அடைக்கும். நோய் அடங்கிய பிறகு பத்தியம் தேவையில்லை. வருடக் கணக்கில் தயிர் சாதம் மட்டும் தின்று மெலிந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உணவைவிட அதிகம் கவனிக்க வேண்டியது வலி மாத்திரை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போட்டால் நோய் கிளம்பலாம், பாராசிட்டமால் போதும். குரோன்ஸ் உள்ளவர்கள் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

கல்யாணமாகி ஆறு மாதம். குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் என் குடல் அழற்சி மருந்தை நிறுத்தச் சொல்கிறார்.
*வாசகி, அம்பத்தூர்*

நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்கு ஆபத்து அடங்காத நோயால்தான் அதிகம். குறைந்தது மூன்று மாதம் நோய் அடங்கியிருந்து, பிறகு கருத்தரிப்பது நல்லது. மெசலமைன், அசதயோபிரின், இன்ஃபிளிக்சிமாப் மூன்றையும் கர்ப்ப காலத்தில் தொடரலாம். சல்ஃபசலசின் என்றால் ஃபோலிக் அமிலம் தினம் 2 மி.கி. சேர்க்க வேண்டும். மெத்தோடிரெக்சேட் கூடவே கூடாது, கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும், டோஃபாசிட்டினிபும் அப்படியே. இன்ஃபிளிக்சிமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். மருந்து குழந்தையின் ரத்தத்திலும் மாதக் கணக்கில் இருக்கும் என்பதால், பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும்.