பெங்களூரு சித்ர சந்தையில் முதல் முறை ஓவியம் விற்கப் போகிறேன், எப்படித் தயாராவது?

குமார கிருபா சாலையில் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் நடக்கும் சந்தைதானே? அங்கே வருகிறவர்களில் பலர் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். அதனால் பெரிய கேன்வாஸ் இரண்டு மூன்று போதும், ஆளை நிறுத்துவதற்கு. கையோடு எடுத்துப்போகிற அளவில் ஏ4, ஏ5 படங்களை நிறைய வையுங்கள்.

விலையை வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். சதுர அங்குலக் கணக்கு எளிது: 12×16 அங்குலப் படம் 192 சதுர அங்குலம், சதுர அங்குலத்துக்கு 10 ரூபாய் என்றால் 1,920 ரூபாய். சட்டம் (ஃபிரேம்) போட்டால் அதற்குத் தனி. விலையை எழுதியே ஒட்டிவிடுங்கள், கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். பேரம் கட்டாயம் உண்டு, எதுவரை இறங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேக்கிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அக்ரிலிக் படத்தின் மேல் பபிள் ரேப்பை நேராகச் சுற்றினால், வெயிலில் பெயின்ட் இளகி, குமிழ் குமிழாகத் தடம் விழுந்துவிடும். முதலில் கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்), அதற்கு மேல் பபிள் ரேப். கேன்வாஸைச் சுருட்டினால் பெயின்ட் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கும். நீர்வண்ணப் படங்களை நேர் வெயிலில் மாட்டாதீர்கள்.

அப்புறம், கியூஆர் அட்டையோடு கொஞ்சம் சில்லறையும் வேண்டும், கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தலைப்பு, ஊடகம் (அக்ரிலிக், நீர்வண்ணம் என்பது போல), ஆண்டு, உங்கள் போன் எண் இருக்கட்டும். வாங்கியவர் அடுத்த வருஷம் கூப்பிட அதுதான் வழி.